கல்லும் சொல்லும்

வலிகாமத்துக் கிராமமொன்றின் வாசிகசாலையிலே, பின்விறாந்தையில் ஒரு பழைய மரமேசை கிடக்கிறது. அதன் கால்களுள் ஒன்று மற்றவற்றிலும் குறுகியது. அதற்கு முட்டுக்கொடுத்த செங்கற்றுண்டு எக்காலத்தில் வைக்கப்பட்டதென்பதை ஊரில் எவரும் அறியார். முன்மண்டபத்தில் பத்திரிகை வாசிப்போர் வருவதும் போவதுமாக இருப்பர். மாலை நான்கரை மணியானதும் அவர்களைக் கடந்து நால்வர் பின்விறாந்தைக்குச் செல்வர். ஒருவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். ஊரார்க்கு அவர் 'மாஸ்டர்'. அவருக்கு எதிரே அவருடைய சோடியாக அமர்பவர் வீதி ஓவசியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர். மற்றைய சோடியினர், சங்கக்கடையின் முன்னாள் மனேச்சரும், சந்தியிலே கடை வைத்திருக்கும் தையற்காரரும் ஆவர். இந்நால்வருள் தையற்காரர் ஒருவரே அறுபது வயதைத் தாண்டாதவர்.

அவர்கள் ஆடுவது முந்நூற்று நாலு. திருவள்ளுவர் தம் நூலின் 94 ஆம் அதிகாரத்திலே கடிந்துரைத்த சூதோடு இதனைச் சேர்த்தெண்ணுதல் பொருந்தாது. ஏனெனில், இம்மேசையில் ஒரு சதமேனும் கைமாறியதில்லை. வென்றவர்க்குக் கிடைப்பது கல். கல் என்று பெயர் வழங்கினும் அது உண்மையிற் புளியங்கொட்டையே. ஒவ்வொரு சோடியும் பதினொரு கல்லுடன் ஆட்டத்தைத் தொடங்கும். எதிர்ச்சோடியின் கல் முழுவதையும் பெற்றுக்கொண்ட சோடி வென்றதாகும். பணத்தை இழக்கும் அச்சம் இல்லாத இவ்விடத்திலேதான், மனிதர் வேறெவற்றை இழக்க அஞ்சுகின்றனர் என்பது தெளிவாகத் தெரிகிறது.

ஐம்பத்திரண்டு கடுதாசிகளைக் கொண்ட ஒரு கூட்டத்திலிருந்து இரண்டு முதல் ஆறு வரையிலான இருபது கடுதாசிகளை நீக்கிவிட்டால் எஞ்சுவன முப்பத்திரண்டு. இவற்றுள் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2 என்று பெறுமதி உண்டு. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஆகவே ஓரினத்துக்கு 76, நான்கினத்துக்கும் 304. ஆட்டத்தின் பெயர் இக்கூட்டுத்தொகையிலிருந்தே பிறந்தது. அரசனும் அரசியும் அடங்கியிருக்க, ஜாக்கும் ஒன்பதும் ஆட்சிசெய்யும் இவ்வரிசை ஐரோப்பாவின் சில ஆட்டங்களிலும் காணப்படுவது. ஒல்லாந்தர் வழியாக இது கீழைத்தேயங்களுக்கு வந்திருக்கலாம் என்பர். ஆட்டத்தின் வரலாறு எவ்வாறாயினும், இனங்களின் பெயர்கள் ஒல்லாந்தர் விட்டுச்சென்றவை என்பதில் ஐயமில்லை. ஆடுதன், உருவிதன், கலாவரை, இஸ்கோப்பன் என்று இம்முதியோர் கூறும்போது, 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றியவர்களின் மொழியே, உருத்திரிந்து, அவர்களின் நாவிலே வாழ்கிறது. சிங்கள மக்கள் வழங்கும் ஹாரத, ருவித, கலபர, இஸ்கோப்ப என்பனவும் அதே வேரிலிருந்து கிளைத்தவையே.

முதலில் ஆளுக்கு நான்கு கடுதாசி பகிரப்படும். அந்நான்கை மட்டும் பார்த்துக்கொண்டு, தம் சோடி இத்தனை புள்ளி எடுக்கும் என்று கேட்கவேண்டும். குறைந்த கேள்வி 160. அதாவது மொத்தத்தின் பாதியிலும் சற்று மேல். கூடுதலாகக் கேட்டவர் தம் கடுதாசிகளுள் ஒன்றைத் துரும்பாகக் குப்புற வைப்பார். அதன்பின் எஞ்சிய நான்கும் பகிரப்படும். வந்த இனம் கையில் இருந்தால் அதனையே போடவேண்டும். இல்லாதவர் வேறொரு கடுதாசியைக் குப்புறப் போடலாம். துரும்பு இன்னதென்று அறிந்தவர் அதனை வைத்தவர் ஒருவரே. ஆகையால் அக்கடுதாசியை அவரே எடுத்துப் பார்ப்பார். அது துரும்பாயின் திறந்துகாட்டுவார். அன்றாயின் மீண்டும் குப்புற வைத்துவிடுவார். அவர் பார்த்தது யாதென மற்றவர் கேட்பதில்லை.

இவ்வாட்டத்தின் தன்மை இந்த ஓரிடத்திலேயே விளங்கிவிடும். குப்புறக் கிடக்கும் கடுதாசியை ஒருவர் தனியே பார்த்துச் சொல்வதை மூவரும் ஏற்றுக்கொள்கின்றனர். கையில் இனம் இருந்தும் இல்லையென்று ஒருவர் மறைத்தால், அக்கணத்தில் அதனை அறியும் வழி எதுவுமில்லை. மத்தியஸ்தர் ஒருவரும் மேசையருகே நிற்பதில்லை. நால்வரின் நாணயமே நால்வருக்கும் காவல்.

பணம் வைத்து ஆடும் மேசைகளில் நிலைமை வேறு. அமெரிக்காவிலே வளர்ந்து உலகெங்கும் பரவிய போக்கர் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். அதற்கென அமைந்த கூடங்களிலே கடுதாசி பகிர்வதற்குச் சம்பளம் பெறும் ஊழியர் ஒருவர் இருப்பார். பிணக்கு எழுந்தால் தீர்ப்புச் சொல்ல அவருக்கு மேல் ஓர் அதிகாரியும் உண்டு. ஒரு கையை ஒருவரே ஆடவேண்டும், பிறர் அறிவுரை கூறலாகாது என்பது அங்கு விதி. முறை வருமுன் ஆடுதல், காசுவில்லைகளை நடுவிலே சிதறும்படி எறிதல், பந்தயத்தைச் சிறிது சிறிதாக முன்தள்ளி எதிரியின் முகத்தை நோட்டமிடுதல் ஆகியனவும் விலக்கப்பட்டவை. எனினும், அம்மேசைகளில் மிகவும் வெறுக்கப்படும் செயல் ஒன்று எவ்விதிக்கும் மாறானதன்று. தம்மிடம் வெல்லும் கடுதாசிகள் இருப்பதைத் திட்டமாக அறிந்த ஒருவர், எதிரி தாமே வென்றதாக எண்ணி மகிழும்வரை காத்திருந்து, பின்னர் மெல்ல மெல்ல அவற்றைத் திறந்துகாட்டுவதே அது. அவருக்கு அபராதம் இல்லை. ஆனால், மறுநாள் அவரோடு அமர விரும்புவாரும் இல்லை.

சோடியாக ஆடும் ஆட்டங்களுக்குரிய நோய் வேறொன்று, அது சைகை. 1975 ஆம் ஆண்டு பெர்மியூடாவில் நடைபெற்ற பிரிட்ஜ் உலகப் போட்டியிலே சோடிகள் ஒருவரையொருவர் பார்க்காதவாறு மேசையின் குறுக்கே திரை வைக்கப்பட்டது. அத்திரையின் கீழே கால்கள் பேசுகின்றன என்ற குற்றச்சாட்டு அதே போட்டியில் எழுந்தது. பின்னர் மேசைக்கு அடியிலும் மறைப்பு வைக்கவேண்டியதாயிற்று. உலக வல்லுநர்க்கே இந்நிலையெனின், வாசிகசாலைப் பின்விறாந்தையைப்பற்றிச் சொல்லவேண்டுவதில்லை.

இம்மேசையிற் பேசுவதற்கு அனுமதிக்கப்பட்ட சொற்கள் மிகச்சில. கேள்வியின் எண்ணைச் சொல்லலாம், 'பாஸ்' எனலாம், முதலிற் கேட்கவேண்டியவர் தம் கையில் ஒன்றுமில்லையெனின் 'பாட்னர்' என்று கூறிக் கேள்வியைத் தம் சோடியிடம் விடலாம். ஆனால் ஒரே சொல்லைப் பலவாறாகச் சொல்லமுடியும் என்பதை மனேச்சர் நெடுங்காலத்துக்கு முன்னரே கண்டுபிடித்துவிட்டார். அவர் 'பாஸ்' என்று வெடுக்கெனச் சொன்னால் கையில் ஒன்றுமில்லை. 'பா...ஸ்' என்று இழுத்தாற் கையில் ஒரு ஜாக்காவது இருக்கும். தொண்டையைச் செருமினால் இரண்டு. இவற்றைச் சைகையென்று அவர் ஒருகாலும் ஒப்புக்கொண்டதில்லை. தமக்குச் சளித்தொல்லை என்பார். இதிலுள்ள வேடிக்கை யாதெனில், இருபது ஆண்டுகளாக இவற்றைக் கேட்டுக்கேட்டு, அவருடைய சோடியிலும் பார்க்க எதிர்ச்சோடியே அவற்றின் பொருளை நன்கு அறிந்துவைத்திருப்பதுதான்.

மனேச்சருக்கு இன்னுமொரு பழக்கம் உண்டு. வெல்லும் கடுதாசியை அவர் வைப்பதில்லை, அடிப்பார். ஜாக் ஒன்று அவர் கையிலிருந்து இறங்கும்போது மேசை அதிரும், செங்கற்றுண்டு நகரும், முன்மண்டபத்திற் பத்திரிகை வாசிப்பவர் தலைநிமிர்வார். ஆனால் ஊரிலே ஒரு செத்தவீட்டில், இரவு கண்விழிப்பதற்காகப் பந்தலின் ஓரத்தில் இதே நால்வர் கடுதாசியுடன் அமரும்போது, அதே மனேச்சர் அதே ஜாக்கை ஓசையின்றி வைப்பதைக் காணலாம். அங்கே செருமலும் இல்லை. பழக்கம் என்பது மாற்றவியலாத இயல்பென்று கூறுவோர் அவரை இவ்விரு இடங்களிலும் பார்த்தல் வேண்டும்.

தையற்காரரின் குறை தாமதம். கையில் ஒரே இனத்துக் கடுதாசி ஒன்றே இருந்து, அதனையே போடவேண்டிய வேளையிலும், அவர் துணிக்கு அளவெடுப்பவர்போல அதனை மேலும் கீழும் பார்ப்பார். வெளியே ஓர் உழவு இயந்திரம் போய்த் தூசி அடங்கும்வரை மற்ற மூவரும் காத்திருப்பர். இவையன்றி, மேசையைச் சுற்றி நின்று புதினம் பார்ப்போரின் குற்றங்களும் உண்டு. இருவர் கையையும் எட்டிப் பார்த்துவிட்டு, ஆடுபவர் ஒரு கடுதாசியில் விரலை வைத்ததும் 'ச்சிக்' என்று நாக்கைத் தட்டுபவர் அவர்களுள் ஒருவர். ஏழும் எட்டும் தமக்கே வந்து சேர்கின்றன என்ற புலம்பலும், இரண்டு ஆட்டம் வென்றவுடன் வீட்டில் வேலையுண்டென எழுந்துபோவதும் பொதுவான நோய்கள். எச்சில் தொட்டுக் கடுதாசி பகிரும் வழக்கம் மட்டும், 2020 இல் தொற்றுநோயால் வாசிகசாலை பூட்டப்பட்டு மீண்டும் திறந்தபின் மறைந்துபோயிற்று. தீமையிலும் ஒரு நன்மை அது.

இவையனைத்திலும் மற்றவரை அதிகம் வருத்தியது மாஸ்டரின் பழக்கமே. அதற்கு ஊரார் வைத்த பெயர் 'மரண விசாரணை'. எட்டுப் பிடியும் முடிந்தவுடன் மற்றவர் அடுத்த ஆட்டத்துக்குக் கடுதாசியைக் கலைக்க முனைகையில், அவர் கையை நீட்டித் தடுப்பார். முடிந்த ஆட்டத்தை முதற்பிடியிலிருந்து மீண்டும் நிகழ்த்துவார்.

"நாலாம் பிடியிலை ஆடுதன் ஆஸ் போயிட்டுது. பத்து உம்மட்டை. அதை ஏன் காணும் கடைசிமட்டும் பிடிச்சு வைச்சிருந்தனீர்?"

கேள்வி எப்போதும் ஓவசியரை நோக்கியதாகவே இருக்கும். எதிரியின் பிழையால் வெற்றி கிடைத்த நாளிலும், தம் சோடி செய்யத்தவறிய ஒன்றை மாஸ்டர் கண்டுபிடிப்பார். அவர் கூறுவது தவறென எவராலும் நிறுவமுடியாது, கணித ஆசிரியரல்லவா? அந்தச் சரியான தன்மையே பொறுத்தற்கரியதாயிருந்தது. ஓவசியரோ மறுமொழி கூறார். புன்முறுவலுடன் புளியங்கொட்டைகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருப்பார். வீதி வேலையிலே வெயிலில் நின்று தார்ப்பீப்பாய்களைக் கணக்கெடுத்த பொறுமை அது என்று மனேச்சர் கேலிசெய்வார்.

இவ்விருவரும் சோடியாக அமரத் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. 1990களில், குடாநாட்டிலே மின்சாரம் இல்லாத காலத்தில், ஜாம்போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் ஆடியவர்கள் அவர்கள். அவ்வொளியில் ஆடுதனுக்கும் உருவிதனுக்கும் வேறுபாடு காண்பதே அரிது. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது, மாஸ்டர் தம் பிள்ளைகளின் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டார். ஓவசியர் தம் சட்டைப்பையிற் கடுதாசிக் கூட்டத்தையும் வைத்துக்கொண்டார். அங்கே பாடசாலை விறாந்தையொன்றிற் பாயை விரித்து அவர்கள் ஆடியபோது, முப்பத்திரண்டில் ஒன்று குறைவதாகத் தெரிந்தது. வழியில் நழுவிப்போன அவ்வுருவிதன் எட்டுக்குப் பதிலாக, நீக்கிவைத்த உருவிதன் மூன்றிலே பேனையால் எட்டென்று எழுதி ஆட்டத்தை நடத்தினர். அடுத்த ஆண்டு ஊர் திரும்பியபோது அம்மூன்றும் அவர்களோடு திரும்பியது. அங்கும் மரண விசாரணை தவறாது நடந்ததென்பர்.

ஓவசியரின் பெருமை அவருடைய நினைவாற்றல். ஐந்தாம் பிடியளவில் யார் கையில் என்ன எஞ்சியிருக்கிறதென்பதை அவர் கடுதாசியைப் பார்ப்பதுபோற் சொல்வார். எதிரே வைத்த கடுதாசிகளின் புள்ளிகளை விரல் மடக்காமற் கூட்டி, 'நூற்றி எழுபத்தினாலு. கேட்டது வந்திட்டுது' என்று எட்டாம் பிடிக்கு முன்னரே அறிவிப்பார். மாஸ்டர் அதனைச் சரிபார்த்துத் தலையசைப்பார்.

தொற்றுநோய்க்காலம் கழிந்து மேசை மீண்டும் கூடியபோது, அந்நினைவில் ஏதோ ஒன்று தளர்ந்திருப்பது தெரிந்தது. முதலில் அது வேடிக்கையாகவே இருந்தது. துரும்பு திறந்து இரண்டு பிடி சென்றபின், "துரும்பென்ன?" என்று ஓவசியர் கேட்டார். எல்லோரும் சிரித்தனர், அவரும் சிரித்தார். அடுத்த வாரம் ஒரே ஆட்டத்தில் இருமுறை கேட்டார். அன்று சிரித்தவர் மனேச்சர் ஒருவரே. அவரும் நடுவில் நிறுத்திக்கொண்டார்.

அதன்பின் நிகழ்ந்தது கேள்வியன்று, பிழை. தையற்காரர் இஸ்கோப்பன் இறக்க, ஓவசியர் துரும்பால் வெட்டினார். மூன்று பிடி கழிந்து, அவர் கையிலிருந்தே இஸ்கோப்பன் ராசா வந்து விழுந்தது. இனத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெட்டுதல் இவ்வாட்டத்திற் பெருங்குற்றம். வேண்டுமென்று செய்பவனைக் கள்ளன் என்பர். அறியாமற் செய்தவனும் அபராதம் கட்டவேண்டும். இம்மேசையில் அதற்கு இரண்டு கல். ராசா விழுந்தவுடன் மனேச்சரின் வாய் திறந்தது. தையற்காரர் அவர் காலை மிதித்தார். மேசைக்கடியிற் கால் பேசியது அன்று ஒருமுறைதான். எல்லோருடைய பார்வையும் மாஸ்டரை நோக்கித் திரும்பிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. பிடி எட்டும் முடிந்ததும், நாற்பது ஆண்டுகளில் முதல்முறையாக, விசாரணையின்றிக் கடுதாசிகளை வாரிக் கலைக்கத் தொடங்கினார்.

அன்றுமுதல் மேசையில் ஓர் அமைதி நிலவியது. பிழை நேரும், எவரும் காணாதவர்போல் இருப்பர். மனேச்சர் தம் பக்கத்துக்கு வரவேண்டிய கல்லைக் கேட்பதில்லை. சிலவேளை கையில் வெல்லும் கடுதாசி இருந்தும் அதனை வைத்துக்கொண்டு எட்டைப் போடுவார். மாஸ்டரின் மரண விசாரணை அடியோடு நின்றது. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு, பல்லாண்டுகளாகத் திருந்தாத மேசை ஒரே மாதத்திற் பண்பின் சிகரத்தை அடைந்ததுபோற் தோன்றியிருக்கும். கடுதாசியை ஓங்கி அடிக்கும் ஓசையும் இல்லை. அது செத்தவீட்டு மேசையின் அமைதி என்பதை உணரச் சிலநாட் சென்றது.

அதனை முதலில் உணர்ந்தவர் ஓவசியரே. கடுதாசி மறக்கத் தொடங்கியவர்க்கு மனிதர் மறந்துவிடவில்லை. நாற்பது ஆண்டுகள் தம்மைக் கேள்விகேட்ட ஒருவர் திடீரெனக் கேள்விகேளாது இருப்பதன் காரணத்தை அவர் தேடியிருக்கவேண்டும். ஒருநாள் ஆட்டம் முடிந்தவுடன், மாஸ்டர் கடுதாசிகளை வாருவதற்கு முன்னர், ஓவசியர் தம் கையை நீட்டித் தடுத்தார். பிடிகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வரிசையில் வைத்தார். மாஸ்டரிடம் கற்ற முறை அது. மூன்றாம் பிடியில் மூன்று ஆடுதனும் ஒரு கலாவரை எட்டும் கிடந்தன. அன்று துரும்பு கலாவரை. ஆறாம் பிடியில் ஆடுதன் பத்து இருந்தது. நெடுநேரம் அவ்விரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த எட்டைப் போட்டது ஆர்?"

ஒருவரும் பேசவில்லை.

"பத்தும் என்னட்டையிருந்துதான் வந்தது. என்ன மாஸ்டர்?"

மாஸ்டர் தலையசைத்தார்.

"எத்தினை நாளா உப்பிடி நடக்குது?"

மனேச்சர், அது ஒரு பெரிய காரியமில்லை, வயது போனால் எல்லோருக்கும் வருவதுதான் என்று தொடங்கினார். ஓவசியர் அவரைப் பார்க்கவில்லை. தம் பக்கத்திலிருந்த புளியங்கொட்டைகளில் இரண்டை எடுத்து எதிர்ப்பக்கத்துக்கு நகர்த்தினார். பின்னர் கூறியதை அங்கு நின்றவர் பலரும் கேட்டனர்.

"பிழை விட்டவன் கல்லு வைக்கவேணும். நீங்கள் கல்லை வாங்காமல் விட்டால் நான் இந்த மேசையிலை விளையாடுறவன் இல்லை. நீங்கள் வைச்சுப் பாக்கிற ஆள்."

இரக்கம் என்று அவர்கள் எண்ணியதை அவமதிப்பு என்று அவர் எண்ணினார். இவ்விரண்டில் எது சரியென்று ஆராய்வது எளிதன்று. விதியைத் தளர்த்தியவர்கள் நல்லெண்ணத்தால் தளர்த்தினர் என்பது உண்மை. ஆயினும், விதி எவருக்குத் தளர்த்தப்படுகிறதோ அவர் ஆட்டத்துக்கு வெளியே வைக்கப்படுகிறார் என்பதும் உண்மையே. சிறு குழந்தையோடு ஆடும்போது பெரியவர் தோற்றுக்கொடுப்பர். குழந்தைக்கு அது மகிழ்ச்சி. ஏனெனில் அதற்கு அது தெரியாது. எழுபத்தாறு வயதினருக்குத் தெரிந்துவிடுகிறது.

அப்போது மாஸ்டர் செய்தது எவரும் எதிர்பாராதது. விறாந்தை மூலையிலிருந்த பால்மாத் தகரத்தை எடுத்துவந்து, அதிலிருந்த மேலதிகப் புளியங்கொட்டைகளை மேசையிற் கொட்டினார்.

"இண்டையோடை ஏழு பிழை. பதினாலு கல்லு. ரண்டை நீர் வைச்சிட்டீர், மிச்சம் பன்னிரண்டு."

பேசாதிருந்த அத்தனை நாளும் அவர் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பன்னிரண்டையும் எண்ணி மனேச்சரின் முன்னே தள்ளினார். இருபத்திரண்டு கல்லுக்கு வகுக்கப்பட்ட ஆட்டத்தில் அக்கணக்கு எவ்வாறு பொருந்தும் என்று தையற்காரர் கேட்கவில்லை. மனேச்சர் அவற்றை வாங்கத் தயங்கினார்.

"எடும் மனேச்சர். உம்மடை கல்லுத்தானே," என்றார் ஓவசியர். அவர் முகத்தில் பல வாரங்களாகக் காணப்படாத புன்முறுவல் இருந்தது.

அன்றைக்குப் பின்னர் பிழை நிற்கவில்லை, நிற்கக்கூடியதுமன்று. ஆனால் ஒவ்வொரு பிழைக்கும் இரண்டு கல் எதிர்ப்பக்கம் போயிற்று. கல் போகும்போது எவரும் பெருமூச்சு விடுவதில்லை, நாக்கைத் தட்டுவதில்லை, 'வயது போனால்' என்று தொடங்குவதுமில்லை. கல் போகும், சொல் போகாது. மனேச்சர் மீண்டும் ஜாக்கை ஓங்கி அடிக்கத் தொடங்கினார். செங்கற்றுண்டு மீண்டும் நகர்ந்தது. ஓவசியர் அவரைப் பார்த்து, "மேசையை உடைச்சுப் போடாதையும்," என்பார். மாஸ்டரின் மரண விசாரணை மட்டும் திரும்பவில்லை. ஓவசியரின் பொருட்டு நிறுத்தியதை அவர் பின்னர் எல்லோர் பொருட்டும் நிறுத்திக்கொண்டார்.

விதிக்கும் குத்தலுக்கும் உள்ள வேறுபாட்டை அம்மேசை அவ்வளவு காலமும் அறிந்திருக்கவில்லை என்றே தோன்றுகிறது. இரண்டும் ஒரே வாயிலிருந்து, ஒரே கணத்தில், ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டே வந்தமையால், ஒன்றை நீக்கினால் மற்றதையும் நீக்கவேண்டும் என்று அவர்கள் எண்ணினர். ஆகவே முதலில் இரண்டையும் வைத்திருந்தனர். பின்னர் இரண்டையும் விட்டனர். வகுப்பறையிலும், அலுவலகத்திலும், ஒரு வீட்டின் அடுப்படியிலும்கூட இவ்விரு வழிகளே பெரிதும் வழக்கில் உள்ளன. பிழையைச் சுட்டுவோர் மனிதனையும் சேர்த்துச் சுடுகின்றனர். மனிதனைச் சுட விரும்பாதோர் பிழையையும் காணாது விடுகின்றனர். மூன்றாவது வழியொன்றை ஓவசியர் இரண்டு புளியங்கொட்டைகளால் காட்டவேண்டியிருந்தது.

துரும்பைப் பற்றிய கேள்வி மட்டும் எஞ்சியிருந்தது. திறந்த துரும்பு அதனை வைத்தவரின் கைக்கு மீண்டுவிடும். அதன்பின் மேசையில் அதற்கு அடையாளமில்லை. ஒருநாள் தையற்காரர், நீக்கிவைத்த இருபது கடுதாசிகளுக்குள்ளிருந்து நான்கு இரண்டுகளைத் தெரிந்தெடுத்தார். அன்றைய துரும்பு எவ்வினமோ அவ்வினத்தின் இரண்டை, துரும்பு திறந்தவுடன் மேசையின் ஓரத்தில் நிமிர்த்தி வைத்தார்.

"எனக்கும் இப்ப மறந்து போகுது மாஸ்டர்," என்றார்.

அவருக்கு மறப்பதில்லை; நேரந்தான் செல்லும். அது எல்லோருக்கும் தெரியும். மாஸ்டர் அதனை விதியாகவே அறிவித்தார். அடுத்த சோடியாக அமர வருவோர்க்கும் அது பொருந்தும் என்றார். ஆட்டத்தில் எப்பெறுமதியும் இல்லாது, ஆட்டத்திலேயே சேர்க்கப்படாது, ஆண்டுக்கணக்கிற் பெட்டிக்குள் கிடந்த இரண்டுகளுக்கு இவ்வாறு ஒரு பணி வாய்த்தது. ஓவசியர் இப்போது கேட்பதில்லை. கண்ணை ஒருமுறை மேசையோரத்துக்கு ஓட்டுவார், அவ்வளவே.

அண்மைக்காலத்தில் அவர் எல்லா நாளும் வருவதில்லை. மகள் அழைத்துவரும் நாளில் மட்டும் வருகிறார். சில நாட்களில் இரண்டு ஆட்டத்துடன் களைத்து, மேசையருகே நாற்காலியை இழுத்துப்போட்டு அமர்ந்து மற்றவர் ஆடுவதைப் பார்க்கிறார். வராத நாட்களில் ஓய்வுபெற்ற தபாற்காரர் ஒருவர் மாஸ்டருக்கு எதிரே அமர்கிறார். அவருக்கு நினைவாற்றலில் ஒரு குறையுமில்லை. ஒருநாள் துரும்பு திறந்தபோது மாஸ்டர் வழக்கம்போல் இஸ்கோப்பன் இரண்டை எடுத்து ஓரத்தில் நிமிர்த்தினார்.

"இது தேவையில்லை மாஸ்டர், எனக்கு நினைவிருக்கும்," என்றார் தபாற்காரர்.

"இருக்கட்டும்," என்று மாஸ்டர் அதனைச் சற்று நேராக்கி வைத்தார். தையற்காரர் தம் கடுதாசியை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார். மனேச்சர் தொண்டையைச் செருமினார்.